ஓர் உபாத்தியாயரும் பல வகுப்புகளும்

காஞ்சீபுரம் ஜில்லாவைச் சேர்ந்த மணிமங்கலம் பழமை வாய்ந்த ஊர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற போர்க்களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு இதனைக் கூறுகின்றது. பெரிய ஏரியும் அதன் பாய்ச்சலில் விளைந்த நெல்லுமே நெடுங்காலம் இதன் செல்வம். இப்பொழுதோ ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டி உற்பத்தி தொடங்கிய பின்னர், பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் இப்பகுதிக்கு வரலாயின.

அவ்வாறு வந்த ஒரிய மொழி பேசும் பத்து வயதுப் பிள்ளை ஒன்று, தமிழ் எழுத்து ஒன்றேனும் அறியாது நம் ஆரம்பப் பாடசாலையின் வாயிலில் நின்றால், அதனை எவ்வகுப்பில் அமர்த்துவது? எழுத்தறியாமையால் முதல் வகுப்பில் என்பர் பலர். அது சரியன்று. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அப்பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டுமென்றும், மற்றவர்களுக்குச் சமமாவதற்குத் தனிப்பயிற்சி பெற அதற்கு உரிமையுண்டென்றும் விதிக்கின்றது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகின்றது என்று சேர்க்கையை மறுத்தலும் ஆகாது.

விதி நன்றே, ஆனால் பயிற்சியளிப்பவர் யார்? அதே சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு உபாத்தியாயர்களே. வகுப்புகளோ ஐந்து. ஒருவர் ஐந்தாம் வகுப்பிற்கு வகுத்தல் கணக்கு நடத்துகையில், நான்காம் வகுப்பு பார்த்தெழுதிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் எழுத்தறியாத பிள்ளை மூலையில் வாளாவிருக்கும். வருஷந்தோறும் வகுப்பு மட்டும் உயரும். இந்நிலை அயலூர்ப் பிள்ளைக்கு மாத்திரம் உரியதென்று எண்ணவேண்டா. நம் ஊரிலே பிறந்த பிள்ளைகளுள்ளும் இவ்வாறு பின்தங்குவோர் உளர்.

இதற்குப் பரிகாரம், வகுப்பு வயதின்படி இருக்க, எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் வேளையில் மட்டும் பிள்ளைகளை அவரவர் கற்ற அளவின்படி பிரித்து அமர்த்துதலாம். பம்பாயிலும் வடோதராவிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு இதற்குச் சான்று. மூன்றாம், நான்காம் வகுப்புகளிற் பின்தங்கியவர்களை அவ்வூர்ப் பெண்களே நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படையிலிருந்து கற்பித்தனர். அப்பிள்ளைகளின் தேர்ச்சி நன்கு உயர்ந்தது. அப்பெண்கள் பட்டம் பெற்ற ஆசிரியைகளல்லர் என்பது கவனிக்கற்பாலது.

நம் நாட்டிற்கு இது முற்றிலும் புதிதன்று. எழும்பூரில் அநாதைச் சிறுவர் பாடசாலையை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுதலையும் கற்ற சிறுவன் கல்லாதவனுக்குக் கற்பித்தலையும் கையாண்டு, 1797இல் அதனை இங்கிலாந்திற் பிரசுரித்தார். சென்னை முறை என்றே அது பெயர் பெற்றது. மனப்பாடம் மிகுந்த முறைதான். ஆயினும் பிள்ளையின் நிலையறிந்து அமர்த்துதல் அதிலுண்டு. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நடந்த செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் அட்டைகளைக் கொண்டு தன் வேகத்திற் படிப்படியாக ஏறிற்று. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமோ அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தது.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. பிள்ளையிடம் அதன் சொந்தப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். பாடம் மனப்பாடமாயிருத்தல் கூடும். அது முன்பு பாராத இரண்டாம் வகுப்புக் கதையொன்றைக் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கொன்றும் கொடுங்கள். தடுமாறினால் அடியாமல், எங்கே தடுமாறிற்று என்பதைக் குறித்துக்கொண்டு உபாத்தியாயரிடம் கூறுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் சட்டம். அங்கத்தினரிற் பாதிப்பேர் பெண்களாயிருத்தலும் சட்டமே. அடுத்த கூட்டத்தில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்குத் தினம் எந்நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்னும் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். வெளி மாநிலத்துத் தாய் ஒருத்தியையும் அக்குழுவிற்கு அழைத்து, அவள் மொழியறிந்த ஒருவரை அருகில் அமர்த்துங்கள்.