சுவரும் சான்று பகரும்

இளைஞர்தம் எதிர்பார்ப்புகளைச் சமுதாயத்தின்முன் வைக்கும் வலிமை பொதுவிடக் கலைக்கு உண்டு. இதற்குச் சான்றாக அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவரை ஈண்டு நோக்குவோம்.

துஜுங்கா ஓடையின் வெள்ளத்தடுப்புக் கால்வாய்ச் சுவரில், ஓவியர் ஜூடித் பாகாவின் வழிகாட்டுதலில், 1976 முதல் 1983 வரை ஐந்து கோடைகளில் இவ்வோவியம் தீட்டப்பெற்றது. நீளம் 2,754 அடி. தீட்டியோர் 400க்கும் மேற்பட்ட இளைஞர். அவருள் பலர் குற்ற வழக்குகளில் சிக்கி நீதித்துறையால் அனுப்பப்பட்டோர்.

தூரிகையைத் தொடுமுன் அவர்கள் வரலாற்றைக் கற்றனர். அறிஞரையும் முதியோரையும் அணுகி வினவினர். பாடநூல்கள் பெரிதும் பேசாத தொல்குடியினரும், குடிபெயர்ந்த உழைப்பாளரும், இரண்டாம் உலகப்போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கரும் சுவரில் இடம்பெற்றனர். ஒருவரையொருவர் அறியாதிருந்த பல இனத்து இளைஞர் ஒன்றாக உழைத்தனர். 2017இல் அச்சுவர் அந்நாட்டின் வரலாற்றுச் சிறப்பிடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பெற்றது.

குற்றவாளி எனச் சுட்டப்பட்ட கைகளே ஒரு நகரின் நினைவைக் காத்தன என்பது நாம் பெறும் பாடம். மாற்றம் வேண்டும் என்னும் முழக்கம் மட்டும் போதாது. கடந்ததை அறிந்தே வருவதைத் தீட்டல் வேண்டும். பெரியோர் தம் நினைவுகளோடு ஒரு சுவரையும் இளைஞர்க்கு வழங்குவாராக! மாணவர் கேட்டறிந்து தீட்டுவாராக!