காஹாங்கிலிருந்து பேத்தாவுக்கு: குடும்பத்தோடு போக ஒரு காட்டு வண்டி

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையில் காஹாங் ஒரு சின்னப் பட்டணம். தியோமான் தீவுக்குப் படகு பிடிக்கிற அவசரத்தில் பெரும்பாலோர் இங்கே டீசல் ஊற்றி, பசியாறிவிட்டுப் பறந்துவிடுவார்கள். இங்கிருந்து உள்ளே திரும்பி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறக்குறைய 56 கிலோமீட்டர் தோட்டச் சாலையும் செம்மண்ணுமாகப் போனால் கம்போங் பேத்தா வரும். ஜாகூன் பழங்குடி மக்களின் ஊர். ஜொகூர் அரசு 1993இல் தேசியப் பூங்காவாக அறிவித்த எண்டாவ் ரொம்பின் காட்டுக்கு இந்தப் பக்கத்து வாசல் அதுதான்.

பிக்கப்பைக் கூடார வண்டியாக மாற்ற நினைக்கிற நண்பர்கள் கையில் முதலில் இருப்பது கடைப் பட்டியல். கூரைக் கூடாரம், வின்ச், குளிர்பெட்டி, இரும்பு பம்பர். நானும் அப்படித்தான் ஆரம்பித்துச் சூடுபட்டேன். இப்போது யார் கேட்டாலும், பேத்தா பாதையை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டம் போடச் சொல்கிறேன்.

முதலில் எடை

வண்டியின் கதவோரம் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடை வரம்பு இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் மீதிதான் நமக்கு. ‘ஒரு டன் பிக்கப்’ என்று வாய்வழக்கில் சொன்னாலும், ஒரு பேச்சுக்கு 950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்: 240. பின்தளத்தை மூடும் கூடு, அதாவது கேனப்பி, 60. இழுப்பறையும் படுக்கைப் பலகையும் 70. கூரைத் தாங்கியும் கூடாரமும் 90. வின்ச் வைத்த பம்பர் 90. குளிர்பெட்டி, பேட்டரி 50. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. மீட்புச் சாமானும் கருவிகளும் 60. உதிரி டீசல் 20 லிட்டர், 17 கிலோ. சாப்பாடு, பாத்திரம், துணிமணி 90. கூட்டினால் 827. மிச்சம் 123 கிலோதான். பாட்டியும் வருகிறேன் என்றால் அதில் பாதி போய்விடும்.

காகிதக் கணக்கை நம்பிவிடாதீர்கள். பழைய இரும்புக் கடையிலோ செம்பனை ஆலையிலோ கேட்டுக்கொண்டு, குடும்பத்தையும் சாமானையும் ஏற்றி வண்டியை எடைமேடையில் நிறுத்துங்கள். பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து இன்னொரு தடவை. மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு வரம்பைத் தாண்டியிருக்கலாம். நான் தாண்டியிருந்தேன். முக்கால் அங்குலப் பிளைவுட்டில் அலமாரி மாதிரி இழுப்பறை அடித்துவைத்திருந்தேன். ஸ்பிரிங் பட்டறைப் பெரியவர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “பட்டை ஒன்னு கூடப் போடலாம் தம்பி. ஆனா மொதல்ல சாமான கொறைங்க” என்றார். கூடுதல் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ போட்டால் வண்டியின் பின்பக்கம் நிமிரும். ஆனால் சட்டப்படி ஏற்றலாம் என்ற எடை ஒரு கிலோகூட அதிகமாகாது. கனத்தைப் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கவிட்டுக் குழியில் குதித்தால் சேஸிஸே வளையும். அச்சுக்கு மேலே ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கும் காற்றுப் பை அந்த வளைவுக்குத் துணைபோகிறது. தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் கேபினை ஒட்டி, தாழ்வாக இருக்கட்டும். பின்கதவுப் பக்கம் துணி மூட்டையும் தலையணையும் போதும்.

எங்கே படுப்பது

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கூரைக் கூடாரத்தை நான் சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மழையில், சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு ஏனென்று தெரியும். என் அம்மா ஏணியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். “நான் வண்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கேன்” என்றார். தவிர, 60 கிலோவை உச்சியில் வைத்தால் சரிவில் வண்டி சாய்கிற விதமே வேறு. கேனப்பிக்குள் இரண்டு பேர், பின்பக்கம் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே தரைக் கூடாரத்தில் இரண்டு பேர்: நம் ஊருக்கு இது போதும். கேனப்பியின் இரண்டு பக்கமும் திறக்கும் ஜன்னலும் கொசுவலையும் கட்டாயம். இங்கே குளிருக்கு வேலையில்லை. புழுக்கம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

கேஸ் டப்பா அடுப்பைக் கேனப்பிக்குள் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

தூசி

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காய்ந்த செம்மண்ணில் ஓடும்போது வண்டியின் முதுகுப்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, பின்கதவு இடுக்கு வழியாகத் தூசி உள்ளே இழுபடுகிறது. முதல் பயணத்தில் பேத்தா போய்ச் சேர்ந்து திறந்தால், அரிசிப் பையின் மேல் மிளகாய்த்தூள் கொட்டினதுபோல ஒரு படலம். தலையணை உறையை உதறினால் சிவப்புப் புகை. பின்கதவு ஓரம் முழுக்க ரப்பர் பட்டை ஒட்டி, கேனப்பியின் முன் மேற்பக்கத்தில் வடிகட்டியோடு ஒரு காற்றுத் துவாரம் வைத்தேன். ஓடும்போது அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்து தூசியை வெளியே தள்ளுகிறது. செலவு சொற்பம். வின்ச்சைவிட உபயோகம்.

மின்சாரம்

40 லிட்டர் குளிர்பெட்டி நம் வெப்பத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 35 முதல் 45 ஆம்பியர்-மணி இழுக்கும். விசிறியும் விளக்கும் இன்னொரு பத்து. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று இருந்தால் ஒரு ராத்திரி கவலையில்லை. இரண்டாவது ராத்திரிக்குக் கொஞ்சம் சிக்கனம் வேண்டும். இந்த பேட்டரி ஏறக்குறைய 12 கிலோ. அதே அளவு ஈய பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், அதில் பாதியைத்தான் நிம்மதியாக எடுக்க முடியும். ஓடும்போது ஆல்டர்நேட்டரிலிருந்து சார்ஜ் ஏற்ற டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். மரநிழலில் சோலார் தகட்டை நம்ப முடியாது. பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்கவேண்டும். ஒயர் உரசித் தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஆள் வராது.

சட்டம்

வண்டியின் உடலமைப்பை மாற்றுவது சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் கீழ் வரும். பெட்டி கட்டுவது, நிரந்தர இருக்கை வைப்பது போன்றவற்றுக்கு முன்பாக ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். கழற்றி மாட்டும் அமைப்பு என்றால் தலைவலி குறைவு. வண்டி ஓடும்போது கேனப்பிக்குள் யாரும் படுத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். அந்த இருக்கை பிடிக்கும் இடத்தையும் கணக்கில் வைத்துத்தான் பின்சீட்டில் சாமான் அடுக்க வேண்டும்.

பாதைக்குக் கிளம்புமுன்

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. பூங்காவை வழக்கமாக மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களிலும் நுழைய அனுமதி வேண்டும். ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எடுத்த எடுப்பில் பேத்தாவுக்குப் போகாமல், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். மறந்துபோன கரண்டி, எட்டாத சுவிட்ச், ஒழுகும் மூலை எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

காஹாங்கில் டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள். செம்மண் தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 35லிருந்து 22 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் பிடிப்பும் வரும், குலுக்கலும் பாதியாகும். திரும்ப ஏற்ற ஒரு கம்ப்ரசர் தேவை. இரண்டு வண்டியாகப் போவது நல்லது. புதைந்தால் முதலில் மண்வெட்டி, பிறகு சேற்றுப் பலகை, கடைசியில்தான் கயிறு. கயிற்றை, டிரெய்லர் மாட்டும் டோ பாலில் மாட்டாதீர்கள். அந்த டோ பால் முறிந்து பறந்து ஆளைக் கொன்ற சம்பவங்கள் உண்டு.

இருட்டுமுன் போய்ச் சேருங்கள். காஹாங், ஜெமாலுவாங் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும். எதிரே வந்தால் ஹாரன் அடிக்காமல், விளக்கை மினுக்காமல், மெதுவாகப் பின்னால் எடுங்கள். ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் உடனே கழுவிவிடாதீர்கள். தூசியோடு நிற்கும்போதே டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். எந்த நட்டு நகர்ந்திருக்கிறதோ அதைச் சுற்றிச் செம்மண் உதிர்ந்து, புது இரும்பு மெல்லிய வளையமாக மினுங்கும். சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொன்றிலும் குறிபோட்டுவிட்டு, அதற்கப்புறம் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.