பாதி நேரான முடி

தங்கச்சி,

தீபாவளிக்கு முந்தின வாரம் இந்தக் கேஸ் உன் பார்லருக்குக் கட்டாயம் வரும். ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலேயே ஸ்ட்ரெய்ட்டனிங் க்ரீம் தடவிக்கொண்ட பெண். முன்பக்கம் ஓரளவு நேராகியிருக்கும், பிடரியில் சுருள் அப்படியே இருக்கும். "பாதிதான் பிடிச்சிருக்குக்கா, இன்னொரு கோட் போட்டு விடுங்க" என்பாள். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற கணக்கு அவளுக்கு. சுருள் போகாத முடியை மருந்தே படாத முடி என்று நீயும் நம்பிவிடாதே. சுருளைப் போக்கப் போதாத மருந்துகூடச் செதிலைத் திறந்து உள்ளே போய் வேலையைத் தொடங்கியிருக்கும். அந்த முடி ஏற்கெனவே கொஞ்சம் பலம் இழந்த முடி.

கையுறை போடுவதற்கு முன்னால் டப்பாவைக் கேள். தூக்கி எறிந்திருந்தால் ஆர்டர் போட்ட போட்டோவாவது அவள் போனில் இருக்கும். நம் ஊர் பார்லர்களில் ஓடும் க்ரீம்களில் பெரும்பாலும் அம்மோனியம் தயோகிளைக்கோலேட். பிஎச் 9-ஐ ஒட்டி இருக்கும். முடிக்குள் இருக்கும் கந்தகக் கட்டுகளை அது அவிழ்க்கும், நியூட்ரலைசர் புது வடிவத்தில் திரும்பக் கட்டும். ரிலாக்சர் என்று விற்கும் வெளிநாட்டு டப்பா வேறு சங்கதி. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நெருக்கமான சுருள் முடியை மனதில் வைத்துச் செய்தது. சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். 'நோ லை' என்று போட்டிருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு க்ரீமோடு குவானிடின் கார்பனேட் திரவத்தைக் கலக்கச் சொல்லியிருப்பான். பிஎச் 12-க்கும் மேலே. இது கட்டிலிருந்து ஒரு கந்தக அணுவையே கழற்றி எடுத்துவிடும். அந்த இடத்தில் பழைய கட்டு மறுபடி வராது. ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டால் முடி பேசினில் உதிரும். "என்ன க்ரீம்னு தெரியலக்கா" என்றால் மருந்தைத் தொடாதே. கெஞ்சினாலும்தான்.

தெரிந்துவிட்டால், ஏன் பிடிக்கவில்லை என்று பேச்சுக் கொடு. முந்தின ராத்திரி தேங்காய் எண்ணெய் வைத்தாளா? தலையை நாலே பாகமாகப் பிரித்து மொத்த மொத்தமாகத் தடவினாளா? தன் பிடரிக்குத் தன் கை எட்டாதே, அங்கே க்ரீம் போனதா? எரிகிறது என்று பாதியில் கழுவினாளா? கழுவியிருந்தால் மண்டையைப் பிரித்துப் பார். புண்ணோ பொருக்கோ இருந்தால் ஆறட்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். கழுவின அன்றைக்கு நேராக இருந்து இரண்டு குளியலில் சுருண்டுவிட்டது என்றால், நியூட்ரலைசர் சரியாகப் போடவில்லை என்று சந்தேகப்படு. ஹென்னாவையும் விட்டுவிடாதே: சில கலப்புப் பொடிகளில் உலோக உப்பு இருக்கும், பெராக்சைடு நியூட்ரலைசர் பட்டால் முடி சூடாகிவிடும்.

பிறகு ஒரு முடியை நனைத்து மெல்ல இழு. நீண்டு பழைய அளவுக்குத் திரும்பினால் பேசலாம். ரப்பர் மாதிரி இழுபட்டு அப்படியே நின்றாலோ அறுந்தாலோ இப்போதைக்குக் கத்தரியும் கண்டிஷனரும்தான்.

முடி தாங்கும் போலிருந்தாலும் நான் இரண்டு வாரமாவது விடச் சொல்வேன். அன்றைக்கே திருப்பிப் போடுகிறவர்களும் தொழிலில் உண்டு. எனக்கு அதில் மனசு ஒப்பாது. அதுவரை அயர்ன் வேண்டாம். 'நோ லை' போட்ட முடி சொரசொரவென்று இருந்தால் கால்சியம் படிந்திருக்கலாம். கிலேட்டிங் ஷாம்பு ஒருமுறை போட்டுப் பார். நடுவில் கல்யாணம் இருந்தால் ரோலர் செட், இல்லையென்றால் ஜடை பின்னிப் பூ வைத்து அனுப்பு. யார் கண்ணுக்கும் தெரியாது.

திரும்பி வந்ததும் பிடரிக்கு உள்ளே மறைவான ஒரு கற்றையில், முதலில் போட்ட அதே வகை மருந்தால் ஸ்ட்ராண்ட் டெஸ்ட். அது தேறினால் சுருள் நிற்கும் இடத்துக்கு மட்டும் போடு. ஏற்கெனவே நேரான பகுதிக்குக் கெட்டியாகக் கண்டிஷனர் பூசிவை, வழிகிற க்ரீம் அங்கே பிடிக்காது. டெயில் கோம்பின் முனையால் மெல்லிசாகப் பிரி. நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்பதோடு நிற்காதே, நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கற்றையைத் துடைத்து முடியையும் பார். சீப்பின் முதுகால் அழுத்தித் தேய்க்காதே, நனைந்த முடி அதற்குத் தாங்காது.

டெஸ்டில் தேறாமல் திருப்பி அனுப்புகிற பெண்ணிடம் டெஸ்டுக்கான காசை மட்டும் வாங்கு. ஓனர் முறைத்தால் முறைக்கட்டும். அவள் க்ரீமின் பெயர், தேதி, எத்தனை நிமிஷம் வைத்தாள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வை; வளர்ந்த வேருக்கு ஆறேழு மாதத்தில் திரும்பி வருவாள்.

அன்புடன்,
அக்கா