வீடு ஏலத்துக்குப் போகாமல் காக்க: தவணை தவறியவர்களுக்குச் சில குறிப்புகள்

வேலை போகிறது, வியாபாரம் படுத்துவிடுகிறது, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். தவணை நிற்க இதில் ஒன்று போதும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், நீதிமன்றம் போகாமலே அடமான வீட்டை எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. அதே சட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் கடன் வாங்கியவருக்கும் அவகாசம் வைத்திருக்கிறது. அந்த நாட்களைத் தெரியாமல் கோட்டைவிட்டதால் வீட்டை இழந்தவர்கள் பலர். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

1. 90 நாள் கணக்கைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு என்.பி.ஏ. எனப்படும் வாராக் கடனாகிவிடும். நோட்டீஸ், ஏலம் எல்லாம் அதற்குப் பிறகுதான். வாராக் கடன் ஆன பின் ஒன்றிரண்டு தவணை கட்டினால் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. நின்றுபோன அசல், வட்டி முழுவதையும் கட்டியாக வேண்டும். எனவே மூன்று தவணை பாக்கி என்றால், 90ஆம் நாளுக்குள் ஒரு தவணையையாவது கட்டப் பாருங்கள். அது பழைய பாக்கியில் வரவு வைக்கப்பட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. வீட்டாரிடம் மறைக்காதீர்கள். கடனில் மனைவியோ மகனோ சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் நோட்டீஸ் அவர்கள் பெயருக்கும் வரும். ஜாமீன் போட்டவருக்கும் வரும். தபால்காரர் சொல்லித் தெரிவதைவிட நீங்கள் சொல்லித் தெரிவது நல்லது. நாலு பேர் சேர்ந்து யோசித்தால் நகை, சேமிப்பு, உறவில் கைமாற்று என்று ஏதாவது ஒரு வழி புலப்படும்.

3. வங்கியில் வாயால் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். வருமானம் ஏன் குறைந்தது, எப்போது சரியாகும், மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வேலை நீக்கக் கடிதம், மருத்துவமனை பில் போன்றவற்றை இணைத்துக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மேலாளர் மாறினாலும் அந்த நகல் பேசும்.

கேட்க வேண்டியதில் முக்கியமானது கடன் காலத்தை நீட்டுவது. 9 சதவீத வட்டியில் 20 லட்சம் பாக்கி, இன்னும் 10 வருடம் இருக்கிறது என்றால் மாதத் தவணை சுமார் 25,335 ரூபாய். 15 வருடமாக நீட்டினால் சுமார் 20,285. மாதம் ஐயாயிரம் குறையும். மொத்த வட்டியோ 6 லட்சத்துக்கு மேல் கூடும். இக்கட்டான நேரத்தில் இதை ஏற்கலாம் என்பதே என் கருத்து. நிலைமை சீரானதும் கையில் வரும் பணத்தை அசலில் கட்டிக் காலத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. பழைய கடனாக இருந்தால், ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு இணைந்த வட்டிக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

4. காப்பீடு இருக்கிறதா என்று தேடுங்கள். கடன் கொடுக்கும்போதே ஒரு ஆயுள் காப்பீட்டையும் சேர்த்து, பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே ஏற்றிவிடும் பழக்கம் உண்டு. சம்பாதித்தவர் இறந்துபோன வீடுகளில் இது தெரியாமலே மனைவி தவணைக்கு அல்லாடுவார். கடன் அனுமதிக் கடிதத்தையும் முதல் மாதக் கணக்கு விவரத்தையும் எடுத்துப் பாருங்கள். காப்பீடு இருந்தால் உடனே க்ளெய்ம் போடுங்கள். அதுவரை நடவடிக்கையை நிறுத்திவைக்கச் சொல்லி வங்கிக்கும் எழுதுங்கள்.

5. பி.எஃப். பணத்திலிருந்து வீட்டுக் கடனை அடைக்க எடுக்கலாம். எல்.ஐ.சி. பாலிசி மேல் கடன் வாங்கலாம். கிரெடிட் கார்டில் எடுத்து வீட்டுத் தவணை கட்டாதீர்கள். அதைவிட ஆபத்தானது கந்துவட்டி. "பேங்க் கடனை நான் அடைக்கிறேன், வீட்டுக்கு ஒரு பவர் மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று வருபவரிடம் கையெழுத்துப் போட்டால் வீடு கைமாறிவிடும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் கொடுங்கள்.

6. வங்கியின் நோட்டீஸ் தபாலில் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுத்தாலும் நோட்டீஸ் சேர்ந்ததாகவே கணக்கு. வாங்காமல் தவிர்த்தால் கதவில் ஒட்டுவார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள்.

7. முதல் நோட்டீஸ் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் வரும். 60 நாள் அவகாசம் கொடுக்கும். இந்த 60 நாளைப் போல மதிப்புள்ள காலம் வேறில்லை. உங்கள் ஆட்சேபணையை எழுத்தில் அனுப்பினால், ஏற்க முடியாத பட்சத்தில் காரணம் சொல்லி 15 நாளில் வங்கி பதில் தர வேண்டும். என்னென்ன பார்க்கலாம்? கட்டிய தவணை எல்லாம் வரவாகியிருக்கிறதா? தாமதத்துக்கான அபராதத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார்களா? 2024லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி அது கூடாது. கடனை ஏறக்குறைய அடைத்துவிட்டவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது. விவசாய நிலத்துக்கும் பொருந்தாது.

8. கட்டவே முடியாது என்று தெளிவாகிவிட்டால் நீங்களே விற்றுவிடுங்கள். கேட்கவே மனம் கனக்கும், தெரியும். ஆனால் ஏலத்தில் வீடு சந்தை விலைக்குப் போவது அபூர்வம். நீங்கள் விற்றால் கடன் போக மிச்சம் கையில் நிற்கும், இன்னொரு இடத்தில் சின்னதாகத் தொடங்கலாம்.

பத்திரம் வங்கியில் இருக்கும்போது யார் வாங்குவார் என்று தயங்க வேண்டாம். மொத்தம் எவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்று ஒரு கடிதமும், வங்கி வசம் உள்ள ஆவணங்களின் பட்டியலும் வாங்கி, வருபவரிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்றில் அடமானம் தெரியும் என்பதால் மறைப்பதில் பயனில்லை. வாங்குபவர் கடன் தொகையை நேரடியாக உங்கள் வங்கிக்கும் மீதியை உங்களுக்கும் கொடுக்கும்படி ஒப்பந்தம் போடலாம். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு என்றால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு.

9. ஒரே தவணையில் தீர்க்கும் ஓ.டி.எஸ். சலுகையை வங்கி தந்தால் நல்லது. உரிமையாகக் கேட்க முடியாது. தொகை, கெடு இரண்டும் எழுதிய கடிதம் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். தள்ளுபடியோடு முடித்த கடன் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்றே நிற்கும். அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம்.

10. அந்த 60 நாளும் கடந்து கதவில் நோட்டீஸ் ஒட்டியதும் வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள். அது பெயரளவில் சுவாதீனம் எடுத்ததற்கான அறிவிப்பு. உள்ளே இருப்பவர்களை வெளியேற்ற, தலைமை மாஜிஸ்திரேட்டிடமோ மாவட்டக் கலெக்டரிடமோ வங்கி மனுப்போட்டு உத்தரவு வாங்குவதுதான் வழக்கம்.

ஆனால் ஒட்டிய நாளிலிருந்து இன்னொரு கெடு ஓடத் தொடங்கும். 45 நாளுக்குள் டி.ஆர்.டி. என்கிற கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். தமிழ்நாட்டில் இது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. உள்ளூர் சிவில் கோர்ட்டில் தடை வாங்கித் தருவதாக யாராவது சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். இந்த விவகாரத்தில் சிவில் கோர்ட் தலையிடுவதை 34ஆம் பிரிவே தடுக்கிறது. தீர்ப்பாயத்திலும் தடை கேட்டால் பாக்கியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்வது வழக்கம், அதற்குத் தயாராகப் போங்கள்.

11. 'ஏலம் நடக்கிற நாள் வரைக்கும் கட்டி மீட்டுக்கலாம்' என்று ஊரில் சொல்வார்கள். அது பழைய சட்டம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் முழுப் பாக்கியையும் கட்டி மீட்கும் உரிமை. 2023ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. உறவினர் பணம் அனுப்புவதாக இருந்தால் இந்த நாளைச் சொல்லிக் கேளுங்கள்.

12. ஏலம் தவிர்க்க முடியாமல் போனாலும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். குறைந்தபட்ச விலையை மதிப்பீட்டாளர் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அது அடிமாட்டு விலை என்று தோன்றினால், பக்கத்து வீடுகளின் விற்பனைப் பத்திர நகலோடு எழுதிக் கேளுங்கள். கடனும் செலவும் போக மிஞ்சும் தொகை உங்களுடையது. அதை எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

13. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. திட்டுவது, அக்கம்பக்கத்தில் சொல்லி மானத்தை வாங்குவது எல்லாம் விதிமீறல். தேதி, நேரம், போன் நம்பரோடு வங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

14. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று முடங்கிவிடாதீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. போன் எண் 15100. கடன் பத்திர நகல், கட்டிய ரசீதுகள், வந்த நோட்டீஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள்.