கடனும் குடும்பமும்: வண்டியை நிறுத்தாமல் பாதையைச் சீர்செய்வது

கடன் இருக்கும் வீட்டில் கடனையும் அடைத்து, அன்றாடக் குடும்பத்தையும் நடத்துவது எப்படி என்பதே இந்தப் பாடம். நான் டிப்ளமோ படித்து, இரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொருளாதார நிபுணன் அல்லன். அகளியில் குடியிருக்கிறேன். இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் சில, மாதக் கடைசியில் தவணை அட்டைகளை எடுத்துக்கொண்டு என்னிடம் கணக்குப் பார்க்க வருவதுண்டு. அவர்களிடம் சொல்வதை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. அடிப்படை விதி

பழைய தண்டவாளத்தை மாற்றும்போது அந்தப் பாதையில் வண்டிகளை மாதக்கணக்கில் நிறுத்திவிட முடியாது. தினமும் சில மணி நேரம் பாதையை வாங்கி வேலை செய்வோம். மற்ற நேரத்தில் வண்டிகள் அந்த இடத்தை மட்டும் மெதுவாகக் கடக்கும். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை, என்ன வேகம் என்று எழுதி ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். அதற்குக் காஷன் ஆர்டர் என்று பெயர். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கவும். வண்டி நிற்கவில்லை. மெதுவாகப் போக வேண்டிய தூரம் எங்கே முடிகிறது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

கடன் அடைக்கும் குடும்பத்துக்கும் இதுவே விதி. கடனே இல்லாததுபோல் பழைய வேகத்தில் செலவு செய்தால் வண்டி தடம் புரளும். கடன் தீரும்வரை பால் வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம் என்று வண்டியை நிறுத்தினால் அதுவும் தவறு. இந்த இரண்டாவது தவறு தியாகம்போல் தோன்றுவதால் பலர் அதைத் தவறென்றே நினைப்பதில்லை. சாப்பாட்டில் மிச்சம் பிடித்த பணம் மருத்துவமனைக்குப் போகும். அதற்கு மறுபடியும் கடன் வாங்க வேண்டி வரும்.

2013ஆம் ஆண்டில் நம் அட்டப்பாடியில் நேர்ந்த சிசு மரணங்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன. தாய்மாரின் சத்துக் குறைவும் இரத்தசோகையும் அவற்றின் முக்கியக் காரணங்களில் சேர்ந்தவை. அதன் பிறகே ஊர்தோறும் குடும்பஸ்ரீ மூலம் சமுதாயச் சமையலறைகள் நடத்தப்பட்டன. வீட்டுப் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு சேமிப்புக் கணக்கு அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டியதில்லை.

2. வட்டியை ஆண்டுக் கணக்கில் பாருங்கள்

வட்டிக்காரர் வாரக் கணக்கில் பேசுவார், வங்கி ஆண்டுக் கணக்கில் பேசும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால்தான் எது பாரம் என்பது தெரியும்.

நம் பக்கத்தில் சாதாரணமாக நடப்பதை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க் கடன். 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். கேட்பதற்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி. ஆனால் அந்த 8,500 பத்து வாரமும் உங்களிடம் முழுதாக இருப்பதில்லை. வாராவாரம் குறைகிறது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி ஏறக்குறைய 160 சதவீதம். கடன் முடிந்ததும் அதையே மறுபடி வாங்குவது பலரின் வழக்கம். ஆண்டில் ஐந்து முறை வாங்கினால் வட்டி மட்டும் 7,500 ரூபாய். கையில் புரண்ட பணமோ ஒரு நாளும் 8,500ஐத் தாண்டவில்லை.

இந்த நிலையை மாற்றவே 2018ஆம் ஆண்டில் கேரளக் கூட்டுறவுத் துறை, முதலில் நம் பாலக்காடு மாவட்டத்தில் 'முற்றத்தெ முல்ல' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முற்றத்து முல்லை என்று பொருள். கூட்டுறவுச் சங்கம் குடும்பஸ்ரீ குழுவுக்குப் பணம் தரும். குழுவினர் வீட்டுக்கே வந்து கடன் கொடுத்து வாரந்தோறும் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய் முதல் 25,000 வரை என்று தொடங்கிய இத்திட்டத்தில் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அதே 8,500ஐ இந்த வட்டிக்கு வாங்கிப் பத்து வாரத்தில் கட்டினால், எப்படிக் கணக்கிட்டாலும் வட்டி 200 ரூபாய்க்குள் அடங்கும். அங்கே 1,500, இங்கே 200. உங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கத்தில் இது கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

விவசாயம் செய்வோருக்குக் கிசான் கடன் அட்டை உண்டு. மூன்று லட்சம் ரூபாய் வரை பயிர்க்கடன் வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதமே நிற்கும்.

3. ஒரு வீட்டின் கணக்கு

எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். தொகைகளை முழு எண்ணாக்கி, மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்திருக்கிறேன். கணவருக்குச் சொந்தமாக ஒரு பழைய ஜீப். டீசல் போக மாதம் 16,000. மனைவிக்குத் தோட்ட வேலையில் 6,000. மொத்த வரவு 22,000.

செலவு: மளிகை, பால், காய்கறி 7,000. கேஸ், மின்சாரம், மற்ற வீட்டுச் சாமான் 2,500. வாடகை 2,500. மகளின் பள்ளிச் செலவும் பஸ்ஸும் 1,500. மாமியாரின் மருந்து 800. போன், போக்குவரத்து 1,500. விசேஷம், மொய் 1,500. ஆக 17,300.

தவணை: வாரவட்டிக்காரருக்கு மாதம் 4,000. மைக்ரோ பைனான்ஸ் குழுக் கடனுக்கு 1,800. நாற்பதாயிரம் ரூபாய் நகைக் கடனுக்கு வட்டி 400. ஆக 6,200.

கூட்டினால் 23,500. மாதம் 1,500 துண்டு விழுகிறது. அவர்கள் என்னிடம் வந்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் மகளை நிறுத்திவிடலாம் என்று ஏறக்குறைய முடிவே செய்திருந்தார்கள். அந்த அம்மாள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

செலவை இரண்டாகப் பிரித்தோம். முதல் பிரிவு தொடக் கூடாதது: உணவு, வீட்டுச் சாமான், வாடகை, படிப்பு, மருந்து. இது 14,300. இரண்டாம் பிரிவு மெதுவாக்கக் கூடியது: போன், போக்குவரத்து 1,500லிருந்து 1,100. விசேஷம், மொய் 1,500லிருந்து 600. இதில் மட்டும் 1,300 மிச்சம். இரவுச் சாப்பாடு அன்றே திரும்பத் தொடங்கியது. மகள் பள்ளிக்குப் போனாள்.

இன்னும் மாதம் 200 ரூபாய் போதவில்லை. ஆனால் வாரவட்டியில் பாக்கி ஆறு வாரம்தான். அந்த 300 ரூபாயை மளிகைக் கடைப் பற்றில் சமாளித்தார்கள். ஆறாவது வாரம் வட்டிக்காரர் புதுக் கடன் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை. இந்தப் பாடத்தில் மிகக் கடினமான பகுதி அந்த ஒரு நாள்தான்.

அதன் பிறகு மாதம் 3,800 மிஞ்சியது. கடைப் பற்றை முதலில் தீர்த்தார்கள். பிறகு 3,800ஐ இப்படிப் பிரித்தோம்: அவசரச் சேமிப்புக்கு 1,000. கடனுக்குக் கூடுதலாக 2,500. குடும்ப மகிழ்ச்சிக்கு 300.

குழுக் கடனில் அப்போது அசல் 12,000 நின்றது. 1,800உடன் 2,500 சேர்த்துக் கட்டியதில் மூன்று மாதத்தில் தீர்ந்தது. அந்த 4,300ஐ இப்போது வட்டியோடு சேர்த்து நகைக் கடனுக்குக் கட்டுகிறார்கள். ஒன்பது மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். ஆக மொத்தம் ஏறக்குறைய 14 மாதம். அந்த மாதத்தின் பெயரை எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறார்கள். அதுவே அவர்களுடைய காஷன் ஆர்டர்.

கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கணவர் முதலில் கேட்டார். ஆறாம் மாதத்தில் ஜீப்பின் கிளட்ச் போயிற்று. செலவு 4,000. சேமிப்பில் இருந்ததும் 4,000. அது இல்லாவிட்டால் அன்று மாலையே வாரவட்டி திரும்ப வந்திருக்கும். இப்போது எட்டாம் மாதம். நகைக் கடன் அசல் 27,000க்குக் கீழே இறங்கியிருக்கிறது.

4. தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள்

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு கூடுதல் சிக்கல். தாள் மலையாளத்தில் இருக்கும், கையெழுத்துத் தமிழில் இருக்கும். ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய மைக்ரோ பைனான்ஸ் விதிகளின்படி, கடன் விவரங்களைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழில் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அதே விதிகளில் மேலும் சில: ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கே இந்தக் கடன். எல்லாத் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது. முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

பாதி என்பது கடன் கொடுப்பவருக்கான வரம்பு, உங்கள் வீட்டுக்கான வரம்பு அல்ல. மேலே சொன்ன குடும்பம் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கட்டவில்லை. ஆனாலும் மூச்சு முட்டியது.

உரிமம் இல்லாமல் வட்டித் தொழில் செய்வது 1958ஆம் ஆண்டின் கேரளச் சட்டப்படி குற்றம். அநியாய வட்டிக்கு எதிராக 2012இல் தனிச் சட்டமும் வந்தது. 2014இல் 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் போலீஸ் சோதனை நடந்தது. மிரட்டலுக்கு ஆளானவர்கள் காவல் நிலையம் போகத் தயங்க வேண்டாம்.

5. எந்தக் கடன் தகும்?

கடனே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். 1995இல் அகளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த அஹாட்ஸ் நிறுவனம், ஜப்பானியக் கடனுதவியில்தான் அட்டப்பாடியின் மொட்டை மலைகளில் மரம் வளர்த்து மண்ணைக் காத்தது. திட்டம் முடிந்தும் மரங்கள் நிற்கின்றன. உங்கள் கடனையும் இப்படிக் கேளுங்கள்: கடைசித் தவணை கட்டும் நாளில், வாங்கிய பொருளோ படிப்போ நிற்குமா? கறவை மாடு, தையல் இயந்திரம், பிள்ளையின் படிப்பு நிற்கும். மண்டபத்து அலங்காரம் அன்று இரவே கழற்றப்படும்.

6. வீட்டில் பேசுங்கள்

ஆனைகட்டி தாண்டிக் கோவைப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் நாம். நோம்பிக்குப் போகாமலும் மொய் எழுதாமலும் இருக்க முடியாது. ஆனால் விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். ஐந்நூறு எழுத வேண்டிய இடத்தில் இருநூறு எழுதி, முதல் நாளே போய்ப் பந்தியில் பரிமாறுங்கள். உறவு அதனால் குறையாது.

கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் கணவனும் வாங்கும் கடன்தான் கணக்கைக் குலைக்கிறது. மாதம் ஒரு முறை இருவரும் உட்கார்ந்து நோட்டைத் திறக்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் கேட்கட்டும். பயமுறுத்த வேண்டாம். இத்தனை மாதம் மெதுவாகப் போகிறோம், இன்ன மாதத்தில் முடியும் என்று சொன்னால் குழந்தைகளுக்குப் புரியும். அந்த 300 ரூபாயை மட்டும் கடனில் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன் குழம்பு இருந்தால்தான் திங்கட்கிழமை சிக்கனமாக இருக்க மனம் வரும்.

பயிற்சி

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியவை:

1. எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுங்கள். கையில் வாங்கிய தொகை, பாக்கி, தவணை, ஆண்டு வட்டி என்று நான்கு கட்டம் போதும்.

2. செலவை, தொடக் கூடாதது, மெதுவாக்கக் கூடியது என்று இரண்டாகப் பிரியுங்கள்.

3. வட்டி அதிகமான கடனில் கூடுதல் பணத்தைக் கட்டுங்கள். அது தீர்ந்ததும் அந்தத் தவணையை அடுத்த கடனுக்குத் திருப்புங்கள்.

4. சிறிதானாலும் மாதந்தோறும் அவசரச் சேமிப்பு வைக்கவும்.

5. முடியும் மாதத்தைக் கணக்கிட்டு, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கணக்கு வராதவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும். வகுப்பில் படிக்கும் வட்டிக் கணக்கு அதற்கு நன்றாகவே உதவும்.