மொஹாச்சுக்கு எந்த நாளில் போவது?

ஹங்கேரியத் தலைநகர் புடாபெஸ்டிலிருந்து தெற்கே சுமார் 190 கி.மீ. தூரத்தில், குரோவேஷிய எல்லைக்குப் பக்கத்தில், டான்யூப் கரையில் இருக்கிறது மொஹாச். இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆண்டு முழுவதும் அமைதியாகக் கிடக்கும் இந்த ஊரைப் பிப்ரவரி வாக்கில் ஆறு நாள் மரமுகமூடி அணிந்த புஷோக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். புஷோயாராஷ் என்ற அந்தத் திருவிழாவை 2009இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. போக விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, ஆறு நாளும் தங்க முடியாது, எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான். பெரும்பாலோர் ஞாயிறு என்பார்கள். எனக்கு ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் நான் செவ்வாயைத்தான் எடுப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் புஷோ யார் என்று பார்த்துவிடலாம். முகமூடியை வில்லோ மரத்தில் செதுக்குகிறார்கள். கோரமான பல், பெரிய மூக்கு, உச்சியில் ஆட்டுக்கொம்போ மாட்டுக்கொம்போ. பழைய முறைப்படி அதற்கு நிறம் கொடுத்தது விலங்கின் ரத்தம். உடம்பில் ஆட்டுத்தோல் அங்கி, ரோமம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டது. வெள்ளைக் கால்சட்டைக்குள் வைக்கோலைத் திணித்து உப்ப வைத்திருப்பார்கள். முழங்காலுக்குக் கீழே வண்ணக் கம்பளிக் காலுறை. இடுப்பில் மாட்டுமணி, கையில் மரத்தாலான கிலுகிலுப்பை. ஒருவர் நடந்தாலே மணி அதிரும். ஐந்நூறு பேருக்கு மேல் ஒன்றாக வரும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது.

இந்த வழக்கத்தைக் காத்துவந்தவர்கள் இங்கே குடியேறிய ஷோகாத்ஸ் என்னும் குரோவேஷிய மக்கள். அப்போது இங்கே ஆண்ட துருக்கியரைப் பயமுறுத்தி விரட்ட டான்யூபுக்கு அக்கரைச் சதுப்பில் ஒளிந்திருந்தவர்கள் முகமூடி போட்டு இரவில் படகேறி வந்தார்கள் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஷோகாத்ஸ் மக்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், துருக்கிய ஆட்சி முடிந்த சமயத்தில். எனவே கதையும் காலமும் ஒத்துப்போகவில்லை. குளிரைத் துரத்தி வசந்தத்தை அழைக்கும் தென்ஸ்லாவியச் சடங்கு என்று ஆய்வாளர்கள் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் ஊர்க்காரர்கள் கதையை விடவில்லை. ஞாயிறன்று நடப்பது அந்தக் கதையின் காட்சிதான்.

ஞாயிறு நண்பகலுக்குப் பின் புஷோக்கள் துடுப்புப் படகுகளில் டான்யூபைக் கடந்து வருகிறார்கள். பனிமூட்டம் இருந்தால் மணிச்சத்தம் முதலில் வரும், படகு பிறகுதான் தெரியும். கரையேறியதும் கோலோ சதுக்கத்திலிருந்து செச்சேனி சதுக்கம்வரை குதிரைவண்டிகளும் விசித்திர ஊர்திகளுமாக ஊர்வலம். இருட்டும்போது சதுக்கத்தில் பெருந்தீ. படகுக் காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு வேறு நாளே கிடையாது. விலை என்னவென்றால் கூட்டம். கரையில் முன்வரிசை வேண்டுமென்றால் காலையிலேயே போய் நின்றுவிட வேண்டும், அதுவும் ஆற்றுக்காற்றில். ஊர்வலம் வரும்போது உயரமானவர்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். மாலையில் ஊரைவிட்டு வெளியேறும் சாலை நகராது. முதியவர்களோடு போகிறவர்கள் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

செவ்வாய், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய கடைசி நாள். வேலைநாள் என்பதால் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டிருப்பார்கள். மிச்சமிருப்பது ஊர்தான். ஒரு புஷோ முகமூடியைத் தூக்கிவிட்டுத் தன் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும். தம்பூரா என்னும் தென்ஸ்லாவிய நரம்புக் கருவிகளின் குழு வாசிக்க, கைகோத்து வட்டமாக ஆடும் கோலோ ஆட்டத்தில் நமக்கும் இடம் கிடைக்கும். பொழுது சாயும்போது செச்சேனி சதுக்கத்தில் தீ மூட்டி, குளிர்காலத்தைக் குறிக்கும் சவப்பெட்டியை அதில் எரிக்கிறார்கள். ஆறு நாளும் எதற்காக நடந்ததோ அது முடிகிற கணம் இதுதான். ஞாயிற்றுத் தீயைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கதையின் முடிவைப் பார்க்காமலே போகிறார்கள். படகுக் காட்சி செவ்வாயில் இல்லை என்பது இழப்புதான். இரண்டையும் தராசில் வைத்தால் எனக்குச் செவ்வாய்ப் பக்கமே தாழ்கிறது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வியாழன். அது சிறுவர்களின் திருவிழா; சின்னச் சின்னப் புஷோக்கள் தெருவில் ஓடுவார்கள், பெரிய புஷோக்கள் வெடிக்கும் பீரங்கிகளின் சத்தமும் நெரிசலும் குறைவு. ஐந்து வயதுக் குழந்தை பெரிய புஷோவை முதன்முறை நெருக்கத்தில் பார்த்தால் அலறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளி, சனி நாட்களில் கைவினைக் கடைகள், நாட்டுப்புற ஆட்டங்கள். ஞாயிறுக்காக முன்கூட்டியே வந்தவர்களுக்கு நேரம் போகும், அவற்றுக்காக மட்டும் பயணப்பட வேண்டாம். திங்கள் ஓய்வு நாள் போலத்தான்.

கூட்டமே ஆகாது என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. திருவிழாவைத் தவிர்த்து, டிசம்பரிலோ ஜனவரியிலோ ஊரை மட்டும் பார்க்கப் போவது. இதைக் குறைவான தேர்வு என்று நான் நினைக்கவில்லை. புஷோ முற்றம் என்ற இடத்தில் முகமூடிகளையும் உடைகளையும் நிதானமாகப் பார்க்கலாம். முகமூடியின் உட்பக்கத்தைப் பாருங்கள்: உளி குடைந்த தடம் அப்படியே இருக்கும், கண்ணுக்கு விட்டிருப்பது சிறு துளைதான். அதைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுகிறார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். கனிஜை டொரோத்யா அருங்காட்சியகத்தில் இப்பகுதி ஷோகாத்ஸ், ஜெர்மானிய, செர்பிய மக்களின் உடைகள் இருக்கின்றன. நினைவுக்கு ஏதாவது வாங்க நினைத்தால் இங்கே சுடப்படும் கறுப்பு மண்பாண்டம் நல்லது. சூளையில் புகையை அடைத்துச் சுடுவதால் வரும் நிறம் அது.

அருங்காட்சியகமா, ஷாத்தோர்ஹேய் நினைவிடமா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் தயங்காமல் நினைவிடத்துக்குப் போங்கள். ஊரிலிருந்து சில கி.மீ. தொலைவில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1526 ஆகஸ்ட் 29 அன்று துருக்கிய சுல்தான் சுலைமானின் படை ஹங்கேரியப் படையைச் சில மணி நேரத்தில் இங்கே அழித்தது. இருபது வயது மன்னர் இரண்டாம் லாயோஷ் தப்பி ஓடும்போது ஓடையில் விழுந்து இறந்தார். நாடு துண்டானது, நடுப்பகுதி சுமார் 150 ஆண்டுகள் துருக்கியரிடம் இருந்தது. இன்றைக்கும் ஒரு ஹங்கேரியர் எதையாவது தொலைத்துவிட்டால், மொஹாச்சில் போனது இதைவிட அதிகம் என்று சொல்லித் தேற்றிக்கொள்வார். 1960இல் இரண்டு கூட்டுப் புதைகுழிகளையும் 1970களில் மேலும் மூன்றையும் கண்டுபிடித்தார்கள். போரின் 450ஆம் ஆண்டான 1976இல் நினைவிடம் திறந்தார்கள். புதைகுழிகளைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள் நடப்பட்டிருக்கின்றன. தோற்ற மன்னருக்கும் வென்ற சுல்தானுக்கும் அங்கே தூண் உண்டு. கோடையில் பசுமை மறைத்துவிடும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் தூண்கள் தனித்து நிற்கும், எலும்புகள் மண்ணுக்கடியில் இருக்கின்றன என்பது மறக்க முடியாததாகிவிடும். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். ஊருக்குள் செச்சேனி சதுக்கத்தில் இருக்கும் குவிமாடத் தேவாலயமும் இதே போரின் நினைவுதான். 400ஆம் ஆண்டான 1926இல் அடிக்கல் நாட்டியது. அரைமணி நேரம் போதும்.

தங்குவது மொஹாச்சிலா, பேச் நகரத்திலா? திருவிழா வாரத்தில் மொஹாச்சின் அறைகள் பல மாதம் முன்பே போய்விடும். சுமார் 40 கி.மீ. தள்ளியிருக்கும் பேச்சில் இடம் கிடைப்பது சுலபம், அங்கே 4ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கல்லறைகளும் மசூதியாக இருந்து தேவாலயமான காசிம் பாஷா கட்டடமும் கூடுதல் லாபம். ஆனால் செவ்வாய் இரவு சவப்பெட்டி எரிந்து முடியும்வரை நிற்க வேண்டுமென்றால், கடைசிப் பேருந்து நேரத்தைக் காலையிலேயே பார்த்துவைக்க வேண்டும். முடிந்தால் அந்த ஓர் இரவாவது மொஹாச்சிலேயே தங்குங்கள்.

சாப்பாட்டில் மண்பானையில் வேகும் ஷோகாத்ஸ் பீன்ஸ் இங்கத்திய உணவு. புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்ப்பார்கள் என்பதால் சைவக்காரர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் பூண்டு தடவிய லாங்கோஷ் என்னும் பொரித்த ரொட்டியும் ஃபாங்க் என்னும் திருவிழா டோனட்டும் போதும். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். யாங்கெலே என்று கந்தல் உடையில் ஒரு கூட்டம் திரியும்; மாவோ சாம்பலோ அடைத்த மூட்டையால் அடிப்பதுதான் அவர்கள் வேலை. கேமராவுக்கு உறை அவசியம்.

திருவிழாத் தேதி ஈஸ்டரைப் பொறுத்து மாறும். 2027இல் பிப்ரவரி 4 வியாழன், 7 ஞாயிறு, 9 செவ்வாய். 2028இல் பிப்ரவரி 24, 27, 29. ஷெங்கன் விசாவுக்கு ஆகும் காலத்தைக் கணக்கிட்டு, இலையுதிர் காலத்திலேயே அறையைப் பிடித்துவிடுங்கள்.