பலா நிழலில் கச்சோலம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

மேனாட்டுத் தோட்டக்கலை நூல்களைப் புரட்டுவோர் ‘பள்ளத்தாக்கு லில்லி’யின் படத்தைக் கண்டிருப்பர். மரநிழலில் தரையை மூடிப் பரவி, சிறு மணிகள் போன்ற வெண்மலர்களால் மணம் வீசும் செடி அது. இலையில் வெண்கோடுகள் ஓடும் வகையும் உண்டு. கோட்டில் பச்சையம் இல்லை. ஆதலால் அடர்நிழலில் அக்கோடுகள் மங்கிவிடுவதும் உண்டு.

எங்கள் வீட்டுப் பலாமரத்தடிக்கு இதுவே ஏற்றது என்று நான் எண்ணினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் பண்ருட்டிச் செம்மண் கரைந்தோடி, வேர்கள் வெளியே தெரிகின்றன. ஆண்டுதோறும் அம்மா கூடையில் மண் சுமந்து கொட்டுகிறார். ஆனால் அந்த லில்லியின் கிழங்கு, கடுங்குளிரில் பல வாரங்கள் உறங்கினால்தான் நன்றாகப் பூக்கும். நம் மார்கழிப் பனி அதற்குக் குளிரே அன்று. மேலும், செடி முழுவதும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆடு மேயும் இடத்துக்கு ஆகாது.

அதன் வேலையை இங்கே செய்யக்கூடியது கச்சோலம். இஞ்சிக் குடும்பம், தாவரவியற் பெயர் கெம்பீரியா கலங்கா. லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு நூலில் இவ்விரு செடிகளுக்கும் பெயரிட்டார். வட்ட இலைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும். வெண்மலரில் ஊதாப் புள்ளி. காலையில் மலர்ந்து விரைவில் வாடிவிடும். மணமெல்லாம் கிழங்கில்தான். கேரளத்தில் தென்னைக்கு ஊடுபயிராக இடுகின்றனர். கேரள வேளாண் பல்கலைக்கழகம் ‘கஸ்தூரி’, ‘ரஜனி’ என இரு இரகங்களை வெளியிட்டுள்ளது.

நான் முதலில் நாட்டு மருந்துக் கடையில் கச்சோலம் வாங்கி நட்டேன். ஒரு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. “காய வெச்ச வில்லைய நட்டா மொளைக்குமாடா? வெந்த நெல்லு மொளைச்சத எங்கனா பாத்திருக்கியா?” என்று அம்மா சிரித்தார். தாவரவியல் படிப்பவன் நான்! பிறகு நெய்வேலி நகரியத்தில் வசிக்கும் மலையாள நண்பன் வீட்டுக் கொல்லையிலிருந்து பச்சைக் கிழங்கு கிடைத்தது. கணுவுள்ள துண்டுகளாக்கி, ஆனி மாதம் மேட்டுப்பாத்தியில் நட்டேன். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.

இச்செடியின் உறக்கமே நமக்கு வாய்ப்பு. மழைக்காலத்தில் இலை விரித்து மண்ணைக் காக்கிறது. தை பிறக்குமுன் இலைகள் காய்கின்றன. பலா பறிக்க ஆட்கள் மிதித்து நடக்கும் சித்திரை, வைகாசியில் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. ஆயினும் அடிமரத்தை ஒட்டிய இருட்டில் நட்டவை நோஞ்சானாகவே நின்றன. கிளை நுனிக்குக் கீழே, வெயில் சிதறி விழும் இடத்தில்தான் செழித்தன.

கிழக்குப் பக்கத்தில் இம்முறை வேர் தெரியவில்லை. மேற்கில் நடக் கிழங்கு போதவில்லை. அங்கே அம்மா மூன்று கூடை மண் கொட்டினார்.